பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் யாருக்குச் சொந்தம்?

“கம்ப்யூட்டரே வேண்டாம் என்று கொடி பிடித்தவர்களல்லவா இந்தக் கம்யூனிஸ்டுகள்! இவர்களா பள்ளிப் பிள்ளைகளுக்கு யந்திரம் கற்றுக்கொடுப்பது பற்றிப் பேசுகிறார்கள்?” என்று நம்மைக் கேலி செய்யும் கனவான்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கேலிக்குப் பதில் சொல்லிவிட்டே விஷயத்துக்கு வருவோம்.

ஆம், கொடி பிடித்தோம். 1960களில் எல்.ஐ.சி. ஊழியரும், 1980களில் பாங்கு ஊழியரும் கொடி பிடித்தார்கள். எதற்காக? யந்திரம் என்ற பொருளின் மேல் அவர்களுக்குப் பகையா? இல்லை. பத்துப் பேர் வேலையை ஒரு யந்திரம் செய்தால், மீதி ஒன்பது பேரின் குடும்பம் என்ன ஆகும் என்று கேட்டார்கள். மிச்சமாகும் பணம் யார் பைக்குப் போகும் என்று கேட்டார்கள். யந்திரம் வேறு, அதை முதலாளி பயன்படுத்தும் விதம் வேறு என்பதை மார்க்ஸ் 1867ல் வெளியான ‘மூலதனம்’ நூலிலேயே விளக்கிவிட்டார். யந்திரத்தை உடைப்பதில் பலனில்லை. அது யார் கையில் இருக்கிறது, யாருக்காக ஓடுகிறது என்பதே கேள்வி. அன்று ஆபீசில் கேட்ட அதே கேள்வியைத்தான் இன்று பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்கிறோம்.

ஏனென்றால், இன்று பள்ளிக்கூடத்துக்குள் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. வகுப்புச் சுவரில் திரை வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு என்ற புதுச் சரக்கும் கதவைத் தட்டுகிறது. இவை குழந்தையின் சிருஷ்டித் திறனை வளர்க்குமா, அல்லது அவனை வெறும் வாடிக்கைக்காரன் ஆக்குமா? ஆசிரியரின் சுமையை இறக்குமா, அல்லது ஏற்றுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேட நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. செங்கோட்டையைத் தாண்டினால் போதும். பக்கத்து வீடான கேரளத்தில் கால் நூற்றாண்டு அனுபவம் கிடக்கிறது.

கேரளத்தில் நடந்தது என்ன?

2001ல் கேரளத்தில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்ற திட்டம் துவங்கியது. உயர்நிலைப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்வியைப் புகுத்துவதே அதன் நோக்கம். நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால் ஆரம்பத்தில் போடப்பட்ட பாடத்திட்டம் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் மென்பொருளைச் சுற்றியே பின்னப்பட்டிருந்தது. அந்தக் கம்பெனியின் பெயர் மைக்ரோசாப்ட் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதை முதலில் எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் யார்? நிபுணர் கமிட்டிகளா? பத்திரிகை முதலாளிகளா? இல்லை. கேரளப் பள்ளி ஆசிரியர் சங்கம்! சாக்குக்கட்டி பிடித்த கைகள்தான் முதலில் உயர்ந்தன. “பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில், ஒரு தனியார் கம்பெனியின் சரக்குக்கு எங்கள் மாணவர்களைப் பழக்க நாங்கள் தரகர்களா?” என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். கம்ப்யூட்டர் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. சுதந்திர மென்பொருளை வைத்துக் கற்பிப்போம் என்றார்கள். அதற்காக, தாங்களே முதலில் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டார்கள்.

சுதந்திர மென்பொருள் என்றால் என்ன? ஒரு நெசவாளியை எண்ணிப் பாருங்கள். அவனுக்கு ஒருவர் தறியைக் கொடுக்கிறார். ஆனால் நிபந்தனை போடுகிறார்: “ஒரு கட்டை கழன்றாலும் நீ தொடக்கூடாது. தறி எப்படி ஓடுகிறது என்று எட்டிப் பார்க்கக்கூடாது. பக்கத்து வீட்டு நெசவாளிக்கு இதைப்போல ஒன்று செய்து கொடுக்கக்கூடாது. நான் சொல்லும் நாளில் இந்தத் தறியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தறி வாங்க வேண்டும்.” எந்த நெசவாளியாவது இதற்குச் சம்மதிப்பானா? கம்பெனி மென்பொருளின் சட்டம் இதுதான். சுதந்திர மென்பொருள் நேர் எதிர்: விரும்பியபடி பயன்படுத்தலாம், பிரித்துப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். 1983ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் துவக்கிய இந்த இயக்கத்தின் இந்தியக் கிளை, 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில்தான் துவக்கப்பட்டது.

ஆசிரியர்களின் போராட்டம் வீண் போகவில்லை. படிப்படியாகப் பாடத்திட்டம் மாறியது. தோழர் வி.எஸ். அச்சுதானந்தன் முதல்வராயிருந்த 2006-2011 காலத்தில், பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வி முழுவதும் சுதந்திர மென்பொருளின் மேல் நிறுத்தப்பட்டது. 2017ல் அந்தத் திட்டம் ‘கைட்’ என்ற பொது நிறுவனமாயிற்று. 2018 முதல், எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் திரையும் ஒலிபெருக்கியும் சென்றன. 2020 அக்டோபருக்குள், பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குச் சுமார் 3.74 லட்சம் கருவிகள் வழங்கப்பட்டதாக அன்றைய இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் அறிவித்தது. இவை அனைத்தும் அரசுப் பள்ளிகள், அரசு உதவி பெறும் பள்ளிகள். தொழிலாளியின் பிள்ளையும் விவசாயியின் பிள்ளையும் படிக்கும் பள்ளிகள்.

பணக் கணக்கையும் பார்ப்போம். இரண்டு லட்சம் கம்ப்யூட்டர்களில் சுதந்திர மென்பொருளைப் போட்டதால், கம்பெனிகளுக்குக் கட்ட வேண்டியிருந்திருக்கும் லைசென்ஸ் தொகை சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019ல் கைட் நிறுவனம் கணக்குச் சொன்னது. அமெரிக்காவுக்குப் போகாமல் தடுக்கப்பட்ட பணம் அது!

குழந்தைகள் என்ன செய்கிறார்கள்?

பணம் மிச்சமானது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம் வேறு ஒன்று. பூட்டிய பெட்டியைப் பார்க்கும் குழந்தைக்கும், திறந்த பெட்டியைப் பார்க்கும் குழந்தைக்கும் மனப்பான்மையே மாறிவிடுகிறது. பூட்டிய பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவன், எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன வரும் என்று மனப்பாடம் செய்கிறான். திறந்த பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவன், “இது ஏன் இப்படி? இதை வேறு விதமாகச் செய்தால் என்ன?” என்று கேட்கிறான். சிருஷ்டி என்பது இந்த இரண்டாவது கேள்வியில்தான் பிறக்கிறது.

2018ல் கேரளத்து உயர்நிலைப் பள்ளிகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் அமைப்புகள் துவக்கப்பட்டன. முதற் கட்டத்திலேயே சுமார் ஒரு லட்சம் மாணவர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் சித்திரம் வரைந்து அதற்கு அசைவு கொடுக்கிறார்கள். பள்ளியின் செய்திகளைத் தாங்களே படம் பிடித்துத் தொகுக்கிறார்கள். கையெழுத்துப் பத்திரிகை நடத்திய நம் காலத்து மாணவர்களைப்போல, கம்ப்யூட்டரில் பத்திரிகை நடத்துகிறார்கள். மலையாளத்தில் தட்டெழுதப் பழகுகிறார்கள். பழுதான கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கிறார்கள். 2022ல் 2,000 பள்ளிகளுக்கு 9,000 ரோபோ உபகரணப் பெட்டிகள் வந்தபின், சிறு சிறு யந்திரங்களைத் தாங்களே செய்து ஓட்டுகிறார்கள். போனில் நடக்கும் மோசடிகளைப் பற்றித் தாய்மார்களுக்கு வகுப்பு எடுத்தவர்களும் இந்த மாணவர்களே. பிள்ளை ஆசிரியராகவும், தாய் மாணவியாகவும் அமர்ந்த காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்!

தாய்மொழியின் இடத்தையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாவிட்டால் கம்ப்யூட்டர் தொடமுடியாது என்ற மாயையை அங்கே உடைத்தார்கள். பிள்ளைகளின் திரையில் மலையாளம் வந்தது. சிறுபான்மை மொழிகளும் மறக்கப்படவில்லை. இடுக்கித் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் தமிழ்த் தொழிலாளர்களின் பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள். கம்ப்யூட்டர் பாடப் புத்தகம் மலையாளம், ஆங்கிலத்துடன் தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகிறது.

ஆசிரியர் என்ன ஆனார்?

“திரை வந்துவிட்டால் ஆசிரியர் எதற்கு?” என்று கேட்கும் அறிவாளிகள் உண்டு. பெருநகரத்தில் ஒரு சிறந்த ஆசிரியர் பாடம் சொன்னால், நாடு முழுவதும் திரையில் காட்டிவிடலாமே, ஆயிரக்கணக்கான சம்பளம் மிச்சமாகுமே என்பது இவர்களுடைய கணக்கு. முதலாளியின் மூளை இப்படித்தான் ஓடும்.

கேரளத்தின் அனுபவம் இதைப் பொய்யாக்கிவிட்டது. அங்கே பயிற்சி கொடுத்தவர்கள் கம்பெனி ஏஜெண்டுகள் அல்ல. பள்ளி ஆசிரியர்களிலிருந்தே பொறுக்கியெடுக்கப்பட்ட பயிற்சியாளர்கள். பாடப் புத்தகத்தை எழுதியவர்களும் ஆசிரியர்கள். பள்ளிக்கு ஏற்றவாறு மென்பொருளைத் தொகுத்துத் திருத்தியதிலும் அவர்கள் கை இருக்கிறது. ‘சமக்ர’ என்ற பொது மேடையில் பாடக் குறிப்பும் படமும் பயிற்சியும் குவிந்து கிடக்கின்றன. அதை எடுத்துத் தன் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள எந்த ஆசிரியருக்கும் உரிமையுண்டு. 2024ல் செயற்கை நுண்ணறிவு பற்றி 80,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று துவங்கியபோதும், இதே வழியைத்தான் பின்பற்றினார்கள்.

இது ஆகாயத்திலிருந்து விழுந்த அதிசயமல்ல. ஆசிரியர் தலை நிமிர்ந்து நின்றால்தான் யந்திரம் அவருக்கு அடங்கும். 1957ல் தோழர் ஈ.எம்.எஸ். மந்திரிசபையில் கல்வி மந்திரியாயிருந்த ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதாவை நினைவுகூருங்கள். தனியார் பள்ளி மானேஜரின் தயவில் வாழ்ந்த உபாத்தியாயருக்கு, சர்க்காரே நேரடியாகச் சம்பளம் தர வேண்டும் என்றது அந்த மசோதா. அதற்காகவே ‘விமோசன சமரம்’ என்ற பெயரில் கலவரம் கிளப்பி, 1959 ஜூலை 31ல் அந்த மந்திரிசபையைக் கலைத்தார்கள். மந்திரிசபையைக் கலைக்க முடிந்தது. ஆசிரியரின் தன்மானத்தைக் கலைக்க முடியவில்லை. 2001க்குப் பின் ஒரு பன்னாட்டுக் கம்பெனியை எதிர்த்து நின்றது, அந்தப் பாரம்பரியத்தில் வந்த ஆசிரியர் இயக்கமே.

லாப வேட்டைக்காரர்களின் வழி

இனி மறு பக்கத்தைப் பாருங்கள். அதே கேரளத்தைச் சேர்ந்த ஒருவரால் பெங்களூரில் துவக்கப்பட்ட கம்பெனி பைஜூஸ். கொரோனா காலத்தில் பெற்றோரின் பயத்தை மூலதனமாக்கி அது வளர்ந்தது. 2022ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்று மூலதனச் சந்தை கொண்டாடியது. 2024 ஜூலையில் அதே கம்பெனி திவால் நடவடிக்கையில் நின்றது. ஆயிரக்கணக்கான ஊழியர் வேலை இழந்தார்கள். கல்வி சந்தைச் சரக்கானால், சந்தை விழும்போது கல்வியும் விழும். இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

“அந்தக் கம்பெனி போனால் போகிறது, பெரிய கம்பெனிகள் இலவசமாகவே தருகின்றனவே” என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். முதலாளி இலவசமாகக் கொடுத்தால், விலை வேறு எங்கோ எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு 2022ல் 49 நாடுகளின் 164 கல்விச் சாதனங்களை ஆராய்ந்தது. அவற்றில் 89 சதவிகிதம் குழந்தைகளின் உரிமைக்குக் கேடான முறையில் அவர்களுடைய தகவல்களைக் கையாண்டதாகக் கண்டது. பிள்ளை பாடம் படிக்கிறது. யந்திரம் பிள்ளையைப் படிக்கிறது! 2023ல் யுனெஸ்கோவின் உலகக் கல்வி அறிக்கையும் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது: கல்வித் தொழில்நுட்பம் நல்லது என்று காட்டும் சான்றுகளில் பெரும் பகுதி, அதை விற்பவர்களிடமிருந்தே வருகிறது.

இன்னும் ஓர் உதாரணம். 2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கு இலவசப் பாதுகாப்பை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. நன்றாக ஓடும் எத்தனையோ கம்ப்யூட்டர்கள், புது விண்டோஸுக்குத் தகுதியில்லை என்று ஒரே நாளில் பழசாகிவிட்டன. யந்திரம் கெடவில்லை, கம்பெனியின் மனம் மாறியது. அவ்வளவுதான்! சுதந்திர மென்பொருளைப் போட்டால் அதே யந்திரம் இன்னும் பல ஆண்டு உழைக்கும். ஏழை நாட்டுப் பள்ளிகளுக்கு எது தகும் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

குறைகளை மறைக்க மாட்டோம்

கேரளத்தில் எல்லாம் பொன்னாய் மின்னுகிறது என்று நாம் சொல்ல வரவில்லை. சுயவிமர்சனம் செய்யத் தெரியாதவன் கம்யூனிஸ்டு அல்ல. 2020 ஜூன் 1ல் தொலைக்காட்சி வழியே ‘பர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் துவங்கியபோது, வீட்டில் டி.வி.யும் போனும் இல்லாத பிள்ளைகள் சுமார் இரண்டரை லட்சம் பேர் இருப்பது தெரியவந்தது. ஆதிவாசிக் குடில்களிலும் தோட்டத்து லயன்களிலும் மீனவர் குப்பங்களிலும் இருந்தவர்கள் அவர்கள். வாலிபர் சங்கத்தாரும் ஆசிரியர் சங்கங்களும் வீடு வீடாக டி.வி. திரட்டினார்கள், நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொதுவாக உட்கார்ந்து பார்க்க ஏற்பாடாயிற்று. அது பாராட்டத்தக்கதே. ஆனால் அந்த ஏற்பாடு முதல் மணி அடிப்பதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

லிட்டில் கைட்ஸில் சேர எட்டாம் வகுப்பில் தேர்வு உண்டு. தேர்வில் தேறாத பிள்ளைக்குச் சிருஷ்டித் திறன் இல்லை என்று யார் சொன்னது? சிலருக்குத் திறந்த கதவை எல்லோருக்கும் திறக்க வேண்டும். இந்தக் குறைகளைச் சொல்வதால் அந்தப் பாதை தவறாகிவிடாது. அதே பாதையில் இன்னும் தூரம் போக வேண்டும் என்றே ஆகிறது.

தமிழ்நாட்டில் நம் கடமை

நம் ஊருக்கு வருவோம். 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கும் திட்டம் துவங்கியது. பத்தாண்டுக்குள் சுமார் ஐம்பது லட்சம் லேப்டாப்புகள் கைமாறின. ஏழை வீட்டுப் பிள்ளையின் கையில் கம்ப்யூட்டர் வந்ததை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. முதல் தலைமுறையாகப் படித்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அது உலகத்தின் ஜன்னலாயிற்று. ஆனால் யந்திரம் கைக்கு வந்தது. ஆசிரியரின் பயிற்சியும் பாடத்திட்டமும் அதோடு சேர்ந்து வரவில்லை. பலருக்குப் பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில்தான் அது வந்து சேர்ந்தது. ஏரைக் கொடுத்துவிட்டு நிலத்தைக் காட்டாமல் விட்ட கதை!

ஆசிரியருக்கு யந்திரம் எப்படி அறிமுகமாயிற்று? ‘எமிஸ்’ என்ற பெயரில். வருகைப் பதிவு, மதிப்பெண், நலத்திட்டப் பொருள், எடை, உயரம் என்று பதிவேற்றம், பதிவேற்றம், மீண்டும் பதிவேற்றம். சர்வர் எப்போது வேலை செய்யும் என்று போனைப் பார்த்தபடி நிற்கும் ஆசிரியையின் பின்னால், நாற்பது பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஆசிரியர் சங்கங்கள் இதை எதிர்த்துப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வந்திருக்கின்றன. கணக்கு வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. கணக்கெழுத ஆள் போடுங்கள், கற்பிக்க எங்களை விடுங்கள் என்பதே கோரிக்கை. ஒரே யந்திரம்தான். கேரளத்தில் அது ஆசிரியர் கையில் கருவியாயிற்று; இங்கே ஆசிரியர் அதன் கையில் கருவியானார்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வருகிறது. கட்டுரை எழுதித் தரும், கவிதை எழுதித் தரும், படம் வரைந்து தரும் என்கிறார்கள். வரட்டும். ஆனால் பிள்ளை எழுத வேண்டிய கட்டுரையை யந்திரம் எழுதினால், பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன? அந்த யந்திரம் எப்படி ஓடுகிறது, எங்கே பொய் சொல்கிறது, யாருடைய சரக்கை விற்கிறது என்று பிரித்துப் பார்க்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதே கல்வி. 2024ல் கேரளத்து ஏழாம் வகுப்புக் கம்ப்யூட்டர் பாடத்திலேயே இதற்கு இடம் கொடுத்தார்கள். உபயோகிப்பவனாக மட்டும் நிற்காமல், செய்பவனாகப் பிள்ளை வளர வேண்டும் என்பது அதன் நோக்கம்.

ஆகவே நாம் கோருவது என்ன?

ஒன்று: பொதுப் பணத்தில் வாங்கும் பள்ளிக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் சுதந்திர மென்பொருள் இருக்க வேண்டும், அது தமிழில் இயங்க வேண்டும்.

இரண்டு: பாடத்தையும் கருவியையும் தீர்மானிக்கும் குழுவில் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்களும் அவர்கள் சங்கங்களும் இடம் பெற வேண்டும்.

மூன்று: பதிவேற்ற வேலைக்குத் தனி ஊழியர் வேண்டும். ஆசிரியரின் நேரம் பிள்ளைகளுக்கே சொந்தம்.

நான்கு: எந்தத் தனியார் கம்பெனிக்கும் பிள்ளைகளின் தகவல்களைத் தொடும் உரிமை கூடாது.

ஐந்து: மலைக் கிராமத்துப் பள்ளிக்கும் குப்பத்துப் பள்ளிக்கும் முதலில், நகரத்துக்குப் பிறகு.

இவை ஆகாயக் கோட்டைகள் அல்ல. பக்கத்து ராஜ்யத்தில், சாதாரண உபாத்தியாயர்கள் போராடி, கற்று, நடத்திக் காட்டியவை. அவர்களிடம் கோடீஸ்வரர்கள் இல்லை, சங்கம் இருந்தது. அது நம்மிடமும் இருக்கிறது. அடுத்த முறை உங்கள் ஊர்ப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் கூடும்போது, புதுக் கம்ப்யூட்டர் எத்தனை வந்தது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். “இந்தப் பெட்டிக்குச் சாவி யாரிடம் இருக்கிறது?” என்றும் கேளுங்கள், தோழர்களே!